ஜி.பி.எஸ். கருவியும் கைபேசிப் படமும்: பிழை எங்கே நேருகிறது?

(ஓர் உதவி வேளாண்மை அலுவலர் எழுதுவது)

நிலத்தை அளந்து கணக்கில் எழுதுவது நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியம். 1802-ம் ஆண்டில் லாம்ப்டன் என்னும் ராணுவ அதிகாரி சென்னையை அடுத்த பரங்கிமலைக்கருகில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதையே ஆதாரமாகக் கொண்டு இத்தேசத்தின் பெரிய நில அளவையைத் தொடங்கினார். வெயிலின் உஷ்ணத்தால் எஃகுச் சங்கிலி சிறிது நீளும் என்பதை அவர் அறிந்திருந்தபடியால், சங்கிலியின் பக்கத்தில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக் கொண்டார். கருவியிலுள்ள குற்றத்தை முதலில் அறிந்து கொண்டு, பிறகு அதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதே அவருடைய வேலையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகும்.

இக்காலத்தில் பல காரியங்களில் சங்கிலியின் இடத்தைக் கைபேசி பிடித்துக் கொண்டு வருகிறது. பயிர்க் கணக்கெடுப்பு, பயிர்க் காப்பீடு, சொட்டு நீர்ப்பாசன மானியம், பண்ணைக்குட்டை, சூரிய சக்திப் பம்பு ஆகிய யாவற்றிற்கும் நிலத்தில் நின்று எடுத்த புகைப்படமும், அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களும் கேட்கப்படுகின்றன. எண்கள் சரியாக இருந்தால் மனு மேலே செல்லுகிறது. தவறாக இருந்தால் திரும்பி வருகிறது. ஆகவே இந்த எண்கள் எவ்வாறு உண்டாகின்றன, எவ்விடத்தில் கெடுகின்றன என்பதை நிலம் உடையவர்களும் கிராம அலுவலர்களும் தெரிந்து வைத்துக் கொள்ளுதல் மிகவும் அவசியம்.

இதை எழுதத் தூண்டியது என் சொந்தத் தவறு ஒன்றேயாகும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், தென்னந்தோப்புக்குச் சொட்டு நீர்ப்பாசனம் அமைத்த ஒரு குடியானவரின் நிலத்தைப் பார்வையிடச் சென்றேன். வண்டியை விட்டு இறங்கினதும் தோப்பின் நிழலிலே நின்றபடி செயலியைத் திறந்து, படத்தை எடுத்து, உடனே அனுப்பியும் விட்டேன். பதினைந்து நாள் கழித்து மனு திரும்பி வந்தது. படத்தோடு சென்ற எண்கள் தோப்பைக் காட்டவில்லை; அன்று காலை நான் புறப்பட்ட அலுவலகத்தின் வாசலைக் காட்டின. கைபேசி புதிய இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னரே நான் அவசரப்பட்டுவிட்டதால், தன் ஞாபகத்திலிருந்த பழைய இடத்தையே அது எழுதி அனுப்பிவிட்டது. மறுபடி பார்வையிட்டு மானியம் கைக்கு வருவதற்குள் ஒரு கோடை முழுவதும் கழிந்தது. அதுவரையில் அவர் கடனுக்கு வட்டி கட்டி வந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “ஐயா, என் தோப்பு இருந்த இடத்திலேதானே இருக்கிறது?” என்று மாத்திரம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று முதல் இவ்விஷயத்தைக் கவனித்து வருகிறேன். இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் ஒருசில வகைக்குள் அடங்கும் என்பதும், வரிசைப்படி பார்த்தால் கால் மணி நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் என் அனுபவம்.

கருவி இயங்கும் விதம்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசாங்கத்தாரால் நடத்தப்படும் செயற்கைக்கோள் ஏற்பாடு. பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்துநான்குக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள் நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் தன் நிலையையும் ஓயாமல் அறிவித்துக் கொண்டிருக்கிறது. நம் கையிலுள்ள கருவி அவற்றில் நான்கின் அறிவிப்பையாவது கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிடுகிறது. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றிற்கும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. நம் தேசத்தின் நாவிக் ஏற்பாட்டிற்குரிய முதல் செயற்கைக்கோள் 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் செலுத்தப்பட்டது.

2000-ம் ஆண்டு மே மாதத்திற்கு முன், பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். அளவை அமெரிக்கர்கள் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தார்கள். அத்தடை நீங்கிய பிறகே சாதாரண மனிதர் இதை நம்பி உபயோகிக்க முடிந்தது. இன்றைக்குத் திறந்த வெளியில் ஒரு நல்ல கைபேசி சுமார் ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டும்.

இன்டர்நெட் கிடைக்காத இடத்தில் ஜி.பி.எஸ். இயங்காது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. செயற்கைக்கோளின் அறிவிப்பை வாங்குவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. செயற்கைக்கோள்கள் இப்பொழுது எங்கே இருக்கின்றன என்ற செய்தியைக் கைபேசிக் கோபுரம் முன்கூட்டியே கொடுத்து உதவுவதால், சிக்னல் உள்ள ஊரில் இடம் விரைவாகக் கிடைக்கிறது. சிக்னல் இல்லாத காட்டில் அச்செய்தியை வானத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் நிலையை அறிய அரை நிமிஷமும், எல்லாவற்றின் பட்டியலையும் முழுதும் பெறப் பன்னிரண்டரை நிமிஷமும் ஆகும். ஆகையால் அங்கே பொறுமை வேண்டும். பின்னணியில் தெரியும் வரைபடத்திற்கு மாத்திரம் இன்டர்நெட் தேவை. அதையும் புறப்படுமுன் ஊரிலேயே இறக்கி வைத்துக் கொள்ளலாம்.

முதற் சோதனை: வானம்

வரைபடத்தில் புள்ளி வரவில்லை என்றாலும், வந்த புள்ளி அலைந்துகொண்டே இருந்தாலும், முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், தகரக் கொட்டகை, உயர்ந்த சுவர் ஆகியவை அறிவிப்பை மறைக்கும். அல்லது எதிரொலிக்கச் செய்து நீண்ட வழியாக அனுப்பி இடத்தைத் தவறாகக் காட்டும். கருவியுடன் திறந்த வெளிக்கு வந்து, அசையாமல் நின்று, வெற்றிலை போட்டுக் கொள்ளும் நேரமாவது காத்திருக்க வேண்டும். பல மாதங்களாக உபயோகிக்காமல் பெட்டியில் கிடந்த கருவிக்கு இன்னும் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

நம் தென்னிந்தியா பூமத்திய ரேகைக்குச் சமீபத்தில் இருப்பதால் இன்னொரு தொந்தரவும் உண்டு. சூரியன் அஸ்தமித்த பிறகு சில மணி நேரம் மேல் வானத்திலுள்ள மின்னூட்ட மண்டலம் கொந்தளித்து, அறிவிப்புகளை நடுங்கச் செய்யும். சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த வருஷங்களில் இது அதிகம். அளவு வேலையைப் பகலிலேயே முடித்துக் கொள்ளுவது நலம்.

இரண்டாம் சோதனை: கருவிக்கும் கைபேசிக்கும் உள்ள இணைப்பு

கைபேசிக்கு உள்ளேயே இருக்கும் ஜி.பி.எஸ். ஒரு வகை. தனிப் பெட்டியாக வந்து, புளூடூத் மூலமோ கம்பி மூலமோ கைபேசிக்குச் செய்தி சொல்லும் கருவி மற்றொரு வகை. நுட்பமான அளவு வேண்டுவோர் இரண்டாவதையே வாங்குகிறார்கள். அநேகக் கோளாறுகள் இந்த இணைப்பில்தான் நேருகின்றன.

முதலாவது, கருவியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, கைபேசியின் புளூடூத் பட்டியலில் அக்கருவியின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரகசிய எண் கேட்டால் பெரும்பாலான கருவிகளுக்கு 0000 அல்லது 1234 என்பதே பொருந்தும். மூன்றாவது, அக்கருவி வேறொரு கைபேசியோடு முன்னமே சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இத்தகைய கருவிகளிற் பல ஒரே சமயத்தில் ஒருவரோடுதான் பேசும். நேற்று உபயோகித்த அலுவலரின் கைபேசி பக்கத்து அறையில் இருந்தால், கருவி அதனோடு தானாகவே சேர்ந்துகொண்டு நம்மைத் திரும்பிப் பாராது. இதை அறியாமல் நல்ல கருவியைப் பழுதென்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

கம்பி மூலம் இணைக்கும்போது வேகத்தையும் கவனிக்க வேண்டும். இக்கருவிகள் பேசும் பொதுப் பாஷைக்கு என்.எம்.இ.ஏ. 0183 என்று பெயர். அதன் பழைய வேகம் 4800. புதிய கருவிகள் 9600, 38400, 115200 என்ற வேகங்களிலும் பேசும். சொல்லுபவர் ஒரு வேகத்திலும் கேட்பவர் வேறொரு வேகத்திலும் இருந்தால், திரையில் பொருளற்ற குறிகள் தோன்றும். அல்லது ஒன்றுமே தோன்றாது. இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணை வைத்தால் அது தீரும்.

பீரோவில் கிடக்கும் பழைய கையடக்கக் கணினியை எடுத்து உபயோகிக்க விரும்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் ஜி.பி.எஸ். ஒரு ‘போர்ட்’ வழியாகச் செய்தி கொடுக்கும். அந்தப் போர்ட்டை ஒரு சமயத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக் கொள்ள முடியும். ஒன்று பிடித்துக் கொண்டிருக்க மற்றொன்றைத் திறந்தால், இரண்டாவது வெறுமையாக நிற்கும். 2005-ம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் மொபைல் 5-ல், இரண்டுக்கும் நடுவே நின்று செய்தியைப் பலருக்கும் பங்கிட்டுத் தரும் ஓர் இடைநிலை ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதில் மென்பொருளுக்குரிய போர்ட் வேறு, கருவிக்குரிய போர்ட் வேறு. இரண்டையும் மாற்றி எழுதினால் புள்ளி வராது.

இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி இருக்கிறது. வரைபட மென்பொருளை மூடிவிட்டு, கருவியின் செய்தியை அப்படியே எழுத்தாகக் காட்டும் சிறு செயலி ஒன்றைத் திறக்க வேண்டும். டாலர் குறியுடன் தொடங்கும் வரிகள் நொடிக்கொரு முறை ஓடிவந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அறியலாம். அவற்றுள் ஜி.பி.ஆர்.எம்.சி. அல்லது ஜி.என்.ஆர்.எம்.சி. என்று தொடங்கும் வரியில், நேரத்தை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது ‘ஏ’ ஆனால் இடம் கிடைத்துவிட்டது. ‘வி’ ஆனால் கருவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. வரியே வராவிட்டால் குற்றம் இணைப்பில். ‘வி’ வந்தால் குற்றம் வானத்தில். ‘ஏ’ வந்தும் படத்தில் புள்ளி இல்லையென்றால் குற்றம் மென்பொருளில். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் சோதனை: கைபேசி கொடுக்கும் அனுமதி

இக்காலத்துக் கைபேசிகளில் ஒவ்வொரு செயலிக்கும் இடத்தை அறிய நாம் அனுமதி கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதலான கைபேசிகளில் ‘துல்லியமான இடம்’, ‘தோராயமான இடம்’ என்ற இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிட்டால், செயலி ஊரை அறியுமேயன்றி வயலை அறியாது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு போடப்பட்டிருந்தால், திரை அணைந்தவுடன் இடம் கேட்பதும் நின்றுவிடலாம். வயலைச் சுற்றி நடந்து அளக்கும்போது பாதி எல்லை நேர்கோடாகப் போய்விட்டது என்று வரும் முறையீடுகளுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தனிக் கருவியை ஆண்ட்ராய்டு கைபேசியின் எல்லாச் செயலிகளுக்கும் பயன்படுத்த வேண்டுமாயின், இடையில் ஒரு செயலியை வைத்து, கைபேசியின் ‘டெவலப்பர்’ பகுதியில் அதனைப் ‘போலி இடச் செயலி’ என்று குறிப்பிட வேண்டியிருக்கிறது. பெயரே தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது. வீட்டில் உட்கார்ந்தபடி வயலில் நிற்பதாகக் காட்டும் ஏமாற்றுக்காரரும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறார். ஆதலால் சில செயலிகள் இந்த வாசல் திறந்திருந்தாலே வேலை செய்ய மறுத்துவிடுகின்றன. பெருந்தொகை கொடுத்து நல்ல கருவி வாங்கியவர், அதை உபயோகித்த காரணத்தாலேயே சந்தேகத்துக்கு உள்ளாகிறார். எந்தச் செயலி வெளிக் கருவியை ஏற்கும், எது ஏற்காது என்பதை முன்னதாகவே கேட்டறிந்து கொள்ளாமல் யாரும் பணத்தைச் செலவிட வேண்டாம்.

நான்காம் சோதனை: எண்கள்

கருவி சரி, இணைப்பு சரி, அனுமதியும் சரி. இருந்தும் புள்ளி வேறு தாலுகாவில் விழுகிறது என்றால், எண்களை எழுதும் முறையில் குற்றம் இருக்கும். ஒரே இடத்தைப் பாகையும் தசமமுமாக எழுதலாம். பாகையும் கலையுமாக எழுதலாம். பாகை, கலை, விகலை என்றும் எழுதலாம். உதாரணமாக, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு வயல் 10 பாகை 47 கலையில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அறுபது கலை ஒரு பாகையாதலால் தசமத்தில் இது 10.7833 ஆகும். கலையைத் தசமமென்று எண்ணி 10.47 என்று எழுதிவிட்டால், வயல் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் இப்பிழை எளிதில் கண்ணுக்குப் படாது.

மற்றொன்று, முன்னும் பின்னுமாக மாற்றி எழுதுவது. சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலிலும், வேறு சில தீர்க்கரேகையை முதலிலும் கேட்கின்றன. 10 வடக்கு 79 கிழக்கு என்பதை மாற்றி 79 வடக்கு 10 கிழக்கு என்று கொடுத்தால், காவிரிப் படுகை வயல் வடதுருவத்தின் பக்கத்து ஸ்வால்பார்டு தீவுகளருகே பனிக்கடலில் போய் நிற்கும். தமிழ்நாட்டு நிலம் எதுவாயினும் அதன் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் இடையிலும், தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் இடையிலும் இருக்கும். இந்த நான்கு எண்களையும் ஒவ்வொரு கிராம அலுவலரும் தம் குறிப்புப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.

பழைய நில அளவைத் தாள்களை ஆதாரமாகக் கொள்ளுகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அத்தாள்கள் 1830-ம் ஆண்டின் எவரெஸ்ட் கணக்கின்படி பூமியின் வடிவத்தைக் கொண்டு வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கைக் கொண்டது. ஒன்றில் எடுத்த எண்ணைத் திருத்தாமல் மற்றொன்றில் வைத்தால், நூறு மீட்டர் அளவுக்குப் புள்ளி நகர்ந்துவிடக்கூடும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு விலகி நின்றால், இதுவே காரணமென்று ஊகிக்கலாம்.

தேதியையும் பார்த்துக் கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். அறிவிப்பில் வாரங்களின் எண்ணிக்கை 1024 ஆனவுடன் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி அவ்வாறு நேர்ந்தது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழைய கருவிகள் ஏறக்குறைய பத்தொன்பதரை வருஷம் பின்னாலுள்ள தேதியைக் காட்டும். அத்தகைய கருவி இடத்தைச் சரியாகக் காட்டினும், அதன் தேதியுடன் அனுப்பிய படம் ஒருவருக்கும் பயன்படாது.

கருவியால் ஆகாத காரியம்

மேற்கண்ட சோதனைகள் யாவும் தேறிய பின்னும், கைபேசியின் புள்ளியைச் சுற்றி ஐந்து மீட்டர் அளவுள்ள சந்தேக வட்டம் ஒன்று இருக்கிறது. இதை மறக்கலாகாது. சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். அதன் ஒரு பக்கத்து எல்லை மூன்று மீட்டர் தவறினாலே நாலரைச் சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ஆகவே, கைபேசியை எடுத்துக்கொண்டு வரப்பின்மேல் நடந்து, பக்கத்து நிலத்துக்காரர் நாலு சென்ட் பிடித்துக் கொண்டார் என்று வழக்குக்குப் போவது விவேகமாகாது. எல்லைக்கு ஆதாரம் கல்லும் புலப்படமுமே. 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நில அளவையர். அவர்களிடம் சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைக் காட்டவல்ல உயர்ந்த கருவிகள் இப்பொழுது இருக்கின்றன. அவை வேறு, நம் சட்டைப் பையிலிருப்பது வேறு.

பயிரைப் பதிவதற்குப் படம் எடுப்பவர் வரப்பின்மேல் நின்று எடுக்கலாகாது. வட்டத்தின் பாதி அடுத்த சர்வே எண்ணில் விழுந்து, கரும்பு நெல்லாகவும் நெல் தரிசாகவும் எழுதப்படும். பதினைந்து இருபது அடி வைத்து வயலுக்குள் இறங்கி, கூடுமானால் நடுவில் நின்று எடுத்தால் இச்சங்கடம் இல்லை.

என் அபிப்பிராயம்

இனி இத்தனையும் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. வெட்டாத குட்டைக்கும், போடாத குழாய்க்கும் பணம் போவதைத் தடுப்பதற்காகவே புள்ளி கேட்கும் வழக்கம் வந்தது. அந்நோக்கம் நியாயமானதே. உண்மையான குடியானவருக்குச் சேரவேண்டிய பணம் பொய்க் கணக்கில் போவதை நான் விரும்பவில்லை. ஆனால் பொய்யரைப் பிடிக்க வைத்த வலையில், கருவியின் குற்றத்தால் மெய்யரும் அகப்படுகிறார். பொய்யர் அடுத்த திட்டத்திற்குப் போய்விடுவார்; மெய்யருக்கோ அந்த ஒரு போகந்தான் ஆதாரம். ஆதலால் மூன்று ஏற்பாடுகள் அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்தின் முற்றத்திலும், வானம் நன்கு தெரியும் இடத்தில், ஒரு சோதனைக் கல் நாட்ட வேண்டும். அதன் அட்சரேகை தீர்க்கரேகையை நில அளவையர் தம் உயர்ந்த கருவியால் அளந்து கல்லிலே பொறித்துவிட வேண்டும். பருவத் தொடக்கத்தில் அலுவலர் ஒவ்வொருவரும் தம் கைபேசியை அக்கல்லின் மேல் ஐந்து நிமிஷம் வைத்து, அது காட்டும் எண்களை ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். கடைக்காரர் தம் படிக்கல்லையும் தராசையும் குறித்த காலத்திற்கு ஒரு முறை முத்திரையிட்டுக் கொள்ளாமல் கால் கிலோ புளி விற்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து வரும்படியை நிறுத்துப் பார்க்கும் கருவிக்கு மாத்திரம் முத்திரை வேண்டாமா? இதற்கு ஆகும் செலவு ஒரு கல்லும் ஒரு நாள் வேலையுமே.

இரண்டாவது, படத்தை அனுப்புமுன் அதிலுள்ள புள்ளியை நிலத்துக்காரருக்கு வரைபடத்தில் காட்ட வேண்டும். தம் கிணற்றையும் வேப்பமரத்தையும் அடையாளம் கண்டு, “ஆம், இது என் நிலமே” என்று அவர் சொன்ன பிறகே அனுப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வானத்திலிருந்து எடுத்த படத்தில் தம் வயலைக் கண்டுகொள்ளுகிறார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்துடன், கைபேசி தானே காட்டும் சந்தேக அளவையும் எண்களுக்குப் பக்கத்தில் பதிய வேண்டும். ‘இடம் இது’ என்பதோடு ‘இத்தனை மீட்டர் முன்பின்னாக’ என்றும் எழுதுவதே நேர்மையான அளவு.

மூன்றாவது, புள்ளி தவறியது என்ற ஒரே காரணத்திற்காக மனுவைத் தள்ளிவிடலாகாது. மறு அளவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் வேண்டும். 2016-ம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, வெள்ளம் முதலியவற்றால் தனி நிலத்தில் நேரும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டுமென்று குடியானவருக்கு விதி இருக்கிறது. முழங்கால் சேற்றில் நிற்பவருக்கு மணிக்கணக்கில் கெடு வைக்கிற நாம், நம் கருவியின் பிழையைத் திருத்திக் கொள்ளுவதற்கு நாள்கணக்கிலாவது ஒரு கெடு வைத்துக் கொள்ளுவது முறையாகும்.

இதற்கு ஆட்சேபம் ஒன்று சொல்லப்படலாம். கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் எங்களைப் போன்றோருக்கும் முன்னமே வேலை அதிகம். நூற்றுக்கணக்கான சர்வே எண்களில் இறங்கி, ஒவ்வொன்றிலும் காத்து நிற்க நேரம் ஏது என்பார்கள். அந்தக் கஷ்டத்தை நானும் அனுபவிக்கிறேன். ஆயினும், அவசரத்தில் எடுத்த ஒரு தவறான படம் இரண்டாம் முறை நடையையும், மூன்று கடிதங்களையும், ஒரு குடியானவரின் மனக்கசப்பையும் உண்டாக்குகிறது. தோப்பில் நான் மிச்சப்படுத்தியது இரண்டு நிமிஷம். அதைத் திருத்த எனக்கு மூன்று நாளும் அவருக்கு ஒரு கோடையும் செலவாயின. கணக்குப் பார்த்தால் காத்திருத்தலே சிக்கனம்.

நிலமுடைய பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலர் வரும் நாளில் தாங்களே உடனிருந்து, அவரை நிழலை விட்டு வெளியே அழைத்துச் செல்லுங்கள். புள்ளி எங்கே விழுகிறது என்று காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். தங்கள் நிலத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் பகல் வேளையில் ஒரு முறை நிதானமாக எடுத்து, பட்டாவின் நகலோடு சேர்த்து எழுதி வைத்துக் கொள்ளுங்கள். எண் தவறிப்போன அன்றைக்கு அதுவே தங்களுக்குச் சாட்சியாகும். கிராம அலுவலர்களும் மேற்சொன்ன நான்கு சோதனைகளையும் வரிசை தவறாமல் அனுசரித்து வருவார்களாயின், மனுக்கள் திரும்புவது பெரிதும் குறையும் என்பதில் ஐயமில்லை. சோதனைக் கல்லைப் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தை அந்தந்த வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்குத் தெரிவித்தால், துறையின் கவனத்திற்கு இவ்விஷயத்தைக் கொண்டுசெல்ல அது பெரிதும் உதவியாக இருக்கும்.